தொடக்கப்பள்ளிக் கணக்கு கற்பிக்க மாணவ ஆசிரியர்களைத் தயார் செய்வது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கைப் போடத் தெரியும். அதனாலேயே தொடக்க நிலைக் கணக்கு சுலபம், அட்டையும் படமும் பாட்டும் செய்யக் கற்றுக்கொண்டால் போதும் என்ற நினைப்போடு உள்ளே வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஒரு கணக்கைப் போடத் தெரிவதும் அந்தக் கணக்கு ஏழு வயதுக் குழந்தையின் தலைக்குள் என்னவாக இருக்கிறது என்று தெரிவதும் வெவ்வேறு அறிவு என்பது எனக்குப் புரிய வருடங்கள் ஆயின.

இந்த வழிகாட்டி, பயிற்சி நிறுவனத்தில் கணிதம் கற்பித்தல் பாடம் நடத்துகிறவர்களுக்கும், பயிற்சிக்கு வருகிற இளையவர்களைத் தன் வகுப்பில் ஏற்றுக்கொள்ளும் வழிகாட்டு ஆசிரியர்களுக்கும். நான் சொல்லும் வரிசைக்கு ஒரே அடிப்படைதான்: விளக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் கேட்கக் கற்றுக்கொடுங்கள். வழக்கமான பயிற்சியில் பாடக் குறிப்பும் துணைக்கருவியும் முதலில் வரும், குழந்தை கடைசியில் வரும். இங்கே அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

படி 1: முதலில் அவர்களுடைய கணக்கைத் திறந்து பாருங்கள்

முதல் வகுப்பில் முன்னுரை வேண்டாம். பலகையில் 1¾ ÷ ½ என்று எழுதுங்கள். விடை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அப்புறம் இந்த வகுத்தல் தேவைப்படுகிற ஒரு கதைக்கணக்கை எழுதச் சொல்லுங்கள். விடை பெரும்பாலும் வந்துவிடும், தலைகீழாக்கிப் பெருக்கு என்று மனப்பாடம் செய்தது கைகொடுக்கும். கதைதான் வராது. ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரை இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிடு என்று நிறையப் பேர் எழுதுவார்கள், அது 2-ஆல் வகுப்பது. அரையால் வகுப்பதென்றால் என்னவென்று அவர்கள் பள்ளிக் காலத்தில் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

கணிதக் கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா 1999-இல் வெளியிட்ட ஆய்வில் இதே கணக்கைத்தான் அமெரிக்க, சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்தார். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் 9 பேர் மட்டுமே சரியான விடைக்கு வந்தார்கள். சீன ஆசிரியர்கள் 72 பேரும் வந்தார்கள், இத்தனைக்கும் அவர்கள் படித்த வருடங்கள் குறைவு. கதை உருவாக்குவதில் இடைவெளி இன்னும் பெரிது. இதை உங்கள் மாணவ ஆசிரியர்களிடம் சொல்லுங்கள், ஆனால் அவர்கள் முயன்று திணறிய பிறகு சொல்லுங்கள். முன்கூட்டியே சொன்னால் யாரைப் பற்றியோ சொல்வது மாதிரி கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பிறகு ஒரு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1¾ மீட்டர் நாடாவை அரை மீட்டர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை துண்டு? மூன்று துண்டு வெட்டியதும் கால் மீட்டர் மிஞ்சும். அப்படியானால் விடை மூன்றேகால்தானே என்று கேளுங்கள். சூத்திரம் மூன்றரை என்கிறது, கையில் இருப்பது கால் மீட்டர். மிஞ்சியது மீட்டர் அளவில் கால், துண்டு அளவில் பார்த்தால் அரைத் துண்டு என்று யாராவது ஒருவர் சொல்கிற வரைக்கும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். முழுப் பாடவேளையும் இதற்கே போனாலும் பரவாயில்லை.

இதே வாரத்தில் இன்னொரு வேலை. கணக்கோடு தங்களுக்கு இருந்த உறவைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண் கிடையாது. எத்தனை பேருக்குக் கணக்கு என்றாலே பயம் என்பது அப்போது தெரியும். அந்தப் பயம் அவர்களோடு நிற்காது. உளவியலாளர் சியான் பைலாக்கும் அவருடைய குழுவும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்குப் பயம் அதிகமுள்ள ஆசிரியைகளின் வகுப்புகளில் பெண் குழந்தைகள் ஆண்டு முடிவில் கணக்கு பையன்களுக்கானது என்று நம்பத் தொடங்குவதையும், அப்படி நம்பியவர்களின் கணக்குத் திறன் குறைந்திருப்பதையும் பார்த்தார்கள். அதனால் பயத்தை ஒளிக்கச் சொல்லாமல் மேசைமேல் எடுத்து வைக்கச் செய்வது பயிற்சியின் ஒரு பகுதி. பயந்தவர்கள் பலர் பின்னாளில் அருமையான கணக்கு ஆசிரியர்களாக மாறியதைப் பார்த்திருக்கிறேன், புரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

படி 2: ஒரு குழந்தை, இருபது நிமிடம், எதையும் சொல்லித்தரக் கூடாது

என் பார்வையில் முழுப் பயிற்சியின் முதுகெலும்பு இதுதான். ஒவ்வொரு மாணவ ஆசிரியரும் ஒரு குழந்தையோடு தனியாக உட்கார வேண்டும். பள்ளியிடமும் பெற்றோரிடமும் அனுமதி வாங்கிக் குரலைப் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும், 'ம்...' என்று இழுத்ததைக்கூட.

என்ன கேட்கலாம்? ஆறு வயதுக் குழந்தை என்றால் 12 பொத்தான்களை எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள். சில குழந்தைகள் பன்னிரண்டு என்று சொல்லாமல் மறுபடி ஒன்று, இரண்டு என்று ஆரம்பிப்பார்கள், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த எண்ணிக்கை என்பது அவர்களுக்கு இன்னும் வரவில்லை. வலப்பக்கத்திலிருந்து எண்ணினால் எத்தனை வரும் என்றும் கேளுங்கள். உளவியலாளர்கள் ரோஷல் கெல்மனும் கேலிஸ்டெலும் 1978-இல் எண்ணுதலுக்குள் ஐந்து கோட்பாடுகள் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார்கள்: ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது, எண்பெயர்களின் வரிசை மாறாமலிருப்பது, கடைசி எண்ணே மொத்தம் என்பது, எதை வேண்டுமானாலும் எண்ணலாம் என்பது, எங்கிருந்து ஆரம்பித்தாலும் எண்ணிக்கை மாறாது என்பது. இதைப் புத்தகத்தில் படித்தால் தேர்வுக்குத்தான் ஆகும். ஒரு குழந்தை தடுமாறுவதைப் பார்த்துவிட்டு வந்து படித்தால் மறக்காது.

கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கு 8 + 4 = □ + 5 கொடுங்கள். கட்டத்தில் 7 வர வேண்டும். ஆனால் 12 அல்லது 17 என்று வருவதற்குத் தயாராக இருங்கள். அமெரிக்காவில் 145 ஆறாம் வகுப்புக் குழந்தைகளிடம் இதைக் கொடுத்தபோது அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றே எழுதினார்கள் என்று 1999-இல் கணிதக் கல்வி ஆய்வாளர் தாமஸ் கார்பென்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதினார்கள். சமக்குறி என்றால் 'இதோ விடை வருகிறது' என்று அவர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்காக அந்தக் குறிக்கு வலப்பக்கத்தில் விடையை மட்டுமே எழுதிப் பழகினால் வேறெப்படிப் புரியும்?

விதிகள் கண்டிப்பானவை. 'தப்பு' என்று சொல்லக் கூடாது, 'வெரி குட்' என்றும் சொல்லக் கூடாது, ஏனென்றால் வெரி குட் வராத விடை தப்பு என்று குழந்தை இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடும். 'எப்படிக் கண்டுபிடிச்ச?' என்பதைச் சரியான விடைக்கும் கேட்க வேண்டும், தவறான விடைக்கும் அதே குரலில் கேட்க வேண்டும். மாணவ ஆசிரியர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். குழந்தை தடுமாறினால் கை தானாக நீளும், உதடு விடையைச் சொல்லத் துடிக்கும். முதல் எழுத்துப்படியை வாசித்தால் மூன்றில் இரண்டு பங்கு வரிகள் மாணவ ஆசிரியர் பேசியதாகவே இருக்கும். திட்ட வேண்டாம். அதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

படி 3: தவறுகளைப் படிக்கப் பழக்குங்கள்

ஒரு குழந்தை 52 − 27 = 35 என்று எழுதியிருக்கிறது. கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போவது எளிது. அதே குழந்தை 71 − 38-க்கு என்ன எழுதும் என்று கேளுங்கள். 47 என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் அந்த மாணவ ஆசிரியர் தவறைப் படித்துவிட்டார் என்று அர்த்தம். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்கிறது குழந்தை, ஒழுங்காக, ஒவ்வொரு முறையும் அதே மாதிரி. இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது?

இப்படி ஒரு வாரம் தவறுத் தாள்களாகவே கொடுங்கள். நூற்று ஆறை 1006 என்று எழுதியது. 0.35 என்பது 0.4-ஐவிடப் பெரியது என்றது, 35 பெரிதல்லவா. ½ + ⅓ = ⅖ என்றது. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: என்ன விதியைப் பின்பற்றுகிறது, அந்த விதி எங்கே சரியாக வேலை செய்தது, அதை உடைக்க நான் எந்தக் கணக்கைக் கொடுப்பேன். ⅖ என்ற விடைக்கு எதிராக விளக்கம் கொடுக்கத் தேவையில்லை, அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று கேட்டால் போதும்.

நிறையத் தவறுகளை நாம்தான் விதைக்கிறோம், இதை மாணவ ஆசிரியர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 'சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது' என்று ஆசிரியர் சொன்னதைத்தான் மேலே பார்த்த குழந்தை விசுவாசமாகக் கடைப்பிடிக்கிறது. '10-ஆல் பெருக்கினால் ஒரு பூஜ்ஜியம் சேர்' என்பது 2.5 வந்ததும் உடைந்துபோகும். 'பெருக்கினால் பெரிதாகும்' என்பது பின்னம் வந்ததும் உடைந்துபோகும். கதைக்கணக்கில் 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி' என்று வந்தால் கழி என்று சொல்லிக்கொடுப்பதும் இந்த வகைதான், குழந்தை வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சொல்லைத் தேட ஆரம்பித்துவிடும். தங்கள் வாயில் பழகிப்போன இத்தகைய விதிகளை அவர்களே பட்டியல் எடுத்து, எந்த வகுப்பில் எது பொய்யாகப்போகிறது என்று பக்கத்தில் எழுதட்டும்.

படி 4: பொருள்களைக் கையில் கொடுங்கள், பெயர்களையும் கவனியுங்கள்

உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1966-இல் சொன்ன மூன்று நிலைகள் எல்லாப் பயிற்சிப் புத்தகத்திலும் உண்டு: செய்து பார்ப்பது, படமாகப் பார்ப்பது, குறியீடாக எழுதுவது. அதை ஒப்பிக்க எல்லோருக்கும் தெரியும். ஆனால் வகுப்பில் நடப்பது என்ன? ஆசிரியர் குச்சிகளை உயர்த்திக் காட்டுவார், குழந்தைகள் பார்ப்பார்கள். அல்லது ஒரு நாள் முழுக்கக் குச்சி, மறுநாள் முழுக்க எண், இரண்டுக்கும் நடுவில் பாலமே கிடையாது.

52 − 27-ஐ மாணவ ஆசிரியர்களே குச்சியில் செய்யட்டும். ஐந்து பத்துக்கட்டு, இரண்டு தனிக் குச்சி. ஏழு எடுக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டை அவிழ்த்தால் நான்கு கட்டு, பன்னிரண்டு தனி. அவிழ்த்த அந்தக் கணத்திலேயே தாளில் 5-ஐ அடித்து 4 என்றும், 2-ஐ 12 என்றும் எழுத வேண்டும். கை ஒன்று செய்ததும் பென்சில் ஒன்று செய்ய வேண்டும், இந்த ஒத்திசைவு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். 'கடன் வாங்குதல்' என்ற சொல்லையும் இங்கேயே விசாரியுங்கள். கடன் என்றால் திருப்பித் தர வேண்டுமே, எப்போது தருவோம் என்று ஒரு குழந்தை கேட்டால் என்ன பதில்? 'பத்தைப் பிரிக்கிறோம்' என்பது நடப்பதை அப்படியே சொல்கிறது.

எந்தப் பொருளை முதலில் கொடுப்பது என்பதிலும் யோசனை வேண்டும். ஆணிமணிச்சட்டத்தில் பத்துக்கும் ஒரு மணி, ஒன்றுக்கும் ஒரு மணி, இரண்டும் ஒரே அளவு. இடமதிப்பு ஏற்கனவே தெரிந்தவருக்குத்தான் அது பத்தாகத் தெரியும். அவிழ்க்கக்கூடிய கட்டு முதலில், டீன்ஸ் கட்டைகள் (ஒன்றுக்குச் சின்னக் கனசதுரம், பத்துக்கு நீளக் கட்டை) மாதிரி அவிழ்க்க முடியாத ஆனால் பத்து மடங்கு நீளமுள்ளவை அடுத்து, மணிச்சட்டம் அதற்கப்புறம்.

தமிழில் கற்பிக்கிறவர்கள் எண்பெயர்களுக்காக ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். பதிமூன்று, இருபத்து மூன்று என்று பத்து வெளிப்படையாகக் கேட்பது நமக்குக் கிடைத்த வசதி. ஆனால் தொண்ணூறு என்பதில் குழந்தைக்கு 'நூறு' கேட்கிறது, தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' கேட்கிறது. எண்பது, தொண்ணூறு, நூறு என்று வரும் இடத்தில் குழந்தைகள் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம், மாணவ ஆசிரியருக்கு இது தெரிந்திருந்தால் பொறுமை தானாக வரும். பின்னத்தில் நம் மொழி நமக்கு ஒரு பரிசே கொடுத்திருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. ½ × ¼ = ⅛ என்பதை ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. ஒரு தாளை மடித்துக் காட்டிவிட்டு அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள்.

படி 5: பாடக் குறிப்பில் மூன்று விஷயம் போதும்

கட்டம் கட்டமாக நிரப்பும் பாடக் குறிப்பேட்டை நிறுவனம் கேட்டால் எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு முன் ஒரு தனித் தாளில் மூன்று விஷயம்: இன்றைய மையக் கேள்வி எது, அதற்குக் குழந்தைகள் தரக்கூடிய நான்கு விதமான பதில்கள் என்னென்ன, ஒவ்வொன்றுக்கும் நான் அடுத்து என்ன கேட்பேன். பாடம் முடியும்போது பலகை எப்படி இருக்கும் என்று ஒரு சின்னப் படமும் இருந்தால் இன்னும் நல்லது.

எண்களைத் தேர்ந்தெடுப்பதில் நேரம் செலவிடச் சொல்லுங்கள். சுற்றளவையும் பரப்பளவையும் வேறுபடுத்த 4-க்கு 4 சதுரத்தை எடுத்த ஒரு மாணவ ஆசிரியை எனக்கு இன்னும் நினைவிருக்கிறார், இரண்டுக்கும் விடை 16, பாடம் அங்கேயே நின்றுவிட்டது. 44 − 22 எடுத்தால் எந்த நான்கைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாது. பெருக்கலுக்கு முதல் உதாரணமாக 2 × 2 எடுத்தால் கூட்டலுக்கும் அதே விடை.

கணக்கின் வகைகளையும் கலந்து வைக்க வேண்டும். கழித்தல் என்றால் எடுத்துவிடுவது மட்டுமில்லை. இவனிடம் 9, அவளிடம் 5, எவ்வளவு அதிகம் என்பதும் கழித்தல்தான், 5 இருக்கிறது, 9 ஆக இன்னும் எத்தனை வேண்டும் என்பதும் கழித்தல்தான், குழந்தைக்கு இவை மூன்றும் மூன்று வேறு கணக்குகள். வகுத்தலிலும் 12 விதைகளை 3 பேருக்குப் பங்கிடுவது ஒன்று, 12 விதைகளை மும்மூன்றாகக் கட்டுவது இன்னொன்று. இரண்டாவதை ஒழுங்காகச் செய்திருந்தால் முதல் படியில் அந்த நாடாக் கணக்கு அவ்வளவு திணறடித்திருக்காது.

படி 6: ஒத்திகை

நுண்ணிலை கற்பித்தல் 1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை, ஐந்து பத்து நிமிடப் பாடத்தைச் சிறு குழுவுக்கு நடத்திப் பார்ப்பது. அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. குழந்தைகளாக நடிக்கும் சக மாணவர்களுக்கு எல்லா விடையும் தெரியும், நட்புக்காகச் சரியாகவே சொல்வார்கள். இதற்கு மருந்து, மூன்றாம் படியின் தவறு விதிகளைச் சீட்டுகளில் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுப்பது. 'நீ எப்போதும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிப்பாய்' என்று ஒரு சீட்டு. 'நீ கேள்வி கேட்டால் பேசவே மாட்டாய்' என்று இன்னொரு சீட்டு. நடத்துகிறவருக்கு யாரிடம் எது இருக்கிறது என்று தெரியக் கூடாது. தேவையான இடத்தில் நிறுத்துங்கள், இரண்டு நிமிடம் பின்னால் போய் வேறு கேள்வியோடு மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

காத்திருக்கவும் இங்கேதான் பழக வேண்டும். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டினால் குழந்தைகளின் பதில்கள் நீளமாயின, அதிகம் பேர் பேசினார்கள். மூன்று வினாடி வகுப்பில் நிற்கும்போது யுகமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணச் சொல்லுங்கள்.

படி 7: பள்ளிப் பயிற்சிக் காலம்

முதல் நாளே நாற்பது குழந்தைகள் முன் நிறுத்தாதீர்கள். முதலில் ஒரே ஒரு கேள்வியோடு கவனிக்கட்டும், உதாரணமாக 'இன்று ஆசிரியரின் கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே இருந்த குழந்தைகள் யார்?' அப்புறம் நான்கைந்து குழந்தைகளுக்கு ஒரே பாடத்தை இரண்டு முறை. பிறகு முழு வகுப்புக்குப் பதினைந்து நிமிட மனக்கணக்குப் பேச்சு: 18 + 7-ஐ எத்தனை விதமாகச் செய்யலாம் என்று குழந்தைகள் சொல்லச் சொல்லப் பலகையில் எழுதுவது மட்டும். முழுப் பாடம் கடைசியில்.

பார்வையிடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் பயிற்சியில் இருந்தபோது என் குறிப்பேட்டில் 'குரல் தெளிவு, அட்டை நன்று, கரும்பலகைப் பயன்பாடு மேம்பட வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அன்று பின்வரிசையில் பாதிக் குழந்தைகளுக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றிப் பேச ஆளில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் நீங்கள் உட்காரும்போது மூன்று குழந்தைகள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பாடம் முடிந்ததும் 'எந்தக் குழந்தையின் பதில் உங்களை ஆச்சரியப்படுத்தியது?' என்று தொடங்குங்கள், எழுதி வைத்ததை எடுத்துக் காட்டுங்கள், அடுத்த முறை மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்றைச் சேர்ந்து முடிவு செய்யுங்கள். பத்துக் குறை சொன்னால் ஒன்றும் மாறாது.

முடிந்தால் ஜப்பானியப் பள்ளிகளின் பாட ஆய்வு முறையைச் சின்ன அளவில் செய்து பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்ற மூவரும் ஆளுக்கு இரண்டு குழந்தைகளை மட்டும் கவனிப்பார்கள். பேசித் திருத்தி, வேறொரு வகுப்பில் இன்னொருவர் நடத்துவார். பாடம் நான்கு பேருக்கும் சொந்தம் என்பதால் விமர்சனம் யாரையும் காயப்படுத்தாது.

படி 8: மதிப்பிடுவது

எழுத்துத் தேர்வு இருக்கட்டும், கூடவே இரண்டு வேலை. ஒரு குழந்தையின் உண்மையான கணக்குத் தாளைக் கொடுத்து, அதற்கு என்ன தெரியும், எது இன்னும் வரவில்லை, நாளை என்ன கேட்பீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். 'பயிற்சி போதவில்லை' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது.

இரண்டாவது, இரண்டாம் படியின் அதே நேர்காணலை அதே குழந்தையோடு மறுபடி நடத்தி எழுதி வரச் சொல்லுங்கள். இப்போது நீங்கள் பத்திரப்படுத்திய பழைய எழுத்துப்படியை எடுத்துக் கொடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தங்கள் வரிகளை ஒரு நிறத்திலும் குழந்தையின் வரிகளை இன்னொரு நிறத்திலும் கோடிட்டு, எது எத்தனை என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.